சுத்தியலுக்கு இரண்டு புள்ளி

என் கண்ணே,

உப்சாலா ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு ஊருக்கே வரப்போவதாகப் போனில் அழுதாய். "உன் மருந்து அந்தப் புரதத்துல ஒட்டவே ஒட்டாதும்மா, விட்டுடு" என்றாராமே உன் பேராசிரியர் ஹெட்லுண்ட்! என் வீட்டு மான்கறியை மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, "பாட்டிக்கு இதெல்லாம் புரியாது" என்றவர்தானே அவர்? மறப்பேனா?

எனக்குப் புரியும். குடலின் உள்தோல் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். புற்று வந்தால் அந்தப் புரதம் மரபணுக்களை ஏவி, "கையை விடு, கிளம்பு" என்று உத்தரவு போடும். அதன் வாயை அடைக்கும் தடுப்பான்தான் உன் மருந்து; ஸ்வீடிஷில் ஹெம்மரே. அதில் வரும் ä எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி விட்டுப்போனால் ஹம்மரே, சுத்தியல். நான் எப்போதும் விட்டுவிடுவேன். "என்ன பாட்டி, புற்றுநோயைச் சுத்தியலால அடிக்கிறேனா?" என்று சிரிப்பாய்.

ஸ்கேன் பற்றிக் கேட்டாய். என் குடலில் இருந்தது நுரையீரலுக்கும் குடிபோய்விட்டது. உன் மருந்து எனக்கு எட்டாது, தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பு.

இத்துடன் தாத்தாவின் சுத்தியல் வருகிறது. கைப்பிடியில் 'ஹெம்மரே' என்று செதுக்கியிருக்கிறேன். அந்த ஆளின் மேசைமேல் வை.

இந்த முறை இரண்டு புள்ளியும் வைத்துவிட்ட,
உன் பாட்டி