மல்லிகைக்கு அடித்த டேங்க்

செவ்வாய்க்கிழமை, இரவு

கீரமங்கலத்தில் இன்று கோகோ விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்தினேன். முன்வரிசையில் என் பெரியப்பா. கோகோவுக்கு வேப்பெண்ணெய் மட்டும்தான் அடிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். எந்த ஸ்பிரேயர் டேங்கில் என்று கேட்டேன். மல்லிகைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் அதே டேங்க். உங்கள் கோகோ கொட்டையை ஏற்றுமதிக்குச் சேர்க்க முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"தூக்கி வளத்த எனக்கே பாடம் எடுக்கிறியா ஆத்தா?" என்றார்.

"டேங்குல மல்லி மருந்து ஒட்டியிருக்கும் பெரியப்பா. ஒங்க மூட்டையால ஊர் மூட்டை அம்புட்டும் திரும்பி வந்துரும்."

எழுந்து போய்விட்டார்.

காலையில் போய் மன்னிப்புக் கேள் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். போகத்தான் போகிறேன், கோகோவுக்கென்று தனி டேங்க் ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு.