மூணாவது நல்லாத்தான் கீது

இன்று காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய லாரி கடையை ஒட்டி வந்து, இன்ஜினை அணைக்காமல் நின்றது. மேசைமேல் தண்ணீரோடு இருந்த எவர்சில்வர் டம்ளர் நடுங்கத் தொடங்கியது. நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு நகர்ந்து போனதைக் கடைக்காரப் பெண் எட்டிப் பிடித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேசவேண்டும் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாருக்கும் நீ இன்ஜின் மாற்றிக் கொடுத்ததில்லை. உன் முகத்துக்கு நேராகக் கேட்காததை இப்போது எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். பதில் சொல்ல முடியாத இடத்துக்கு நீ போய்விட்டாய் என்பது ஒன்றுதான் குறை.

தொண்ணூற்றொன்றில் நாம் இரண்டு பேரும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டினோம். நான் டிரைவர் மட்டும். நீ டிரைவர், போதாததற்கு மெக்கானிக். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலேயே உனக்கு ஒரு ஷெட். கவிழ்ந்துபோன இரண்டு வேன்களிலிருந்து ஒரே மாதிரி இரண்டு டீசல் இன்ஜின் கொண்டு வந்தாய். ஒன்றை உன் வண்டியில் வைத்தாய். இன்னொன்றை என் வண்டியில் இறக்கினாய். பெட்ரோல் போட்டு மாளாமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு நீ தெய்வம். நீயே என்னை வல்லக்கோட்டைக்கு அழைத்துப் போய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முருகன் சந்நிதி வாசலில் கற்பூரம் ஏற்றினாய். "இனிமே வண்டி கண்ணு மாதிரி ஓடும் மச்சான்" என்றாய். அந்தக் கற்பூரத்தை ஏற்றிய கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வண்டி ஓடத்தான் ஓடியது. நின்றால்தான் வினை. சிக்னலில், கேட்டில், கோயில் வாசலில் எங்கே நிறுத்தினாலும் உடம்பு முழுக்க உதறும். கண்ணாடி கடகடக்கும். பின்சீட்டில் இருக்கும் கல்யாணப் பெண்ணின் வளையல் எல்லாம் தானாகக் குலுங்கும். "இன்னாப்பா, வண்டிக்கு குளுர் ஜொரமா?" என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "இன்ஜினு பவுனு. ஓட்டற கைதான் சரியில்ல" என்று எல்லார் முன்னாடியும் சொன்னாய். சிநேகிதன் கேலி செய்கிறான் என்று நானும் பல்லைக் காட்டினேன். மண்ணாந்தை.

அந்த உதறலின் காரணத்தைத் தேடி நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவன்தானே நீ. டீசல் ஃபில்டரை மாற்றினேன். லைனில் காற்று நுழைந்திருக்கும் என்று பம்ப் அடித்து அடித்துக் கட்டைவிரல் வீங்கியது. இன்ஜின் உட்காரும் ரப்பர்களைப் புதிதாகப் போட்டேன். பிறகு நாலு சிலிண்டரையும் சோதிக்க ஆரம்பித்தேன். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே தடுமாறும். செத்த சிலிண்டர் என்றால் ஒன்றும் மாறாது. வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவன் ஊருக்குப் போனால் யாருக்கும் தெரியாதே, அந்தக் கணக்கு. ஒன்றைத் தளர்த்தினேன், தடுமாறியது. இரண்டும் தடுமாறியது. நாலும் தடுமாறியது.

மூன்றுக்கு ஸ்பானரைக் கொண்டுபோனபோது நீ என் கையைப் பிடித்தாய்.

"மூணாவது நல்லாத்தான் கீது. என் கையால செட்டு பண்ணது. அத்த நோண்டாத. வேற எடம் பாரு."

நம் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு மெக்கானிக் தன் கையால் பூட்டியதை, அவன் வேண்டாம் என்றால் இன்னொருத்தன் பிரிக்கக்கூடாது. பிரித்தால் அவன் வேலையைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம், அப்புறம் உறவு கிடையாது. நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

அடுத்த வாரம்தானே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்திருந்த ஒரு கம்பெனியிலிருந்து ஆபீசர் வந்தார்? ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு ஆட்களைக் கொண்டுபோக ஒரு வண்டியை நிரந்தரமாக எடுக்கப்போவதாகச் சொன்னார். காலையில் போனால் பொழுது சாயும்போது வீட்டில் இருக்கலாம். எனக்கு அது ஏன் வேண்டும் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் நைனா படுக்கையில் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திருப்பதி, வேளாங்கண்ணி என்று நான் மூன்று நாள் நாலு நாள் சவாரி போனால், என் மனைவி ஒண்டியாகத்தான் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். "எங்க போனாலும் ராவுக்கு வூட்டுக்கு வந்துடுடா ஏழுமல" என்று நைனா கேட்டதை உன்னிடம்தான் சொல்லி அழுதேன்.

ஆபீசர் நம் இரண்டு பேர் வண்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"சார், எங்க ஸ்டாண்டுல ஒரு வழக்கம் கீது. பானட்டு மேல டம்ளர்ல தண்ணி வெச்சிப் பாருங்க. எது நல்ல வண்டின்னு அதுவே சொல்லிடும்."

வழக்கம் உண்மைதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். தண்ணீர் ஆடலாம், சிந்தக்கூடாது. உன் பானட்டில் டம்ளர் அசையாமல் நின்றது. என் பானட்டில் வைத்ததும் அது கிளம்பிவிட்டது. சிந்திக்கொண்டே சரிந்து, மட்கார்டில் மோதி, தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆபீசர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நீ குனிந்து டம்ளரை எடுத்து வேட்டியில் துடைத்து, டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தாய்.

மூன்றாம் நாள், நீ கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில், மரியாதையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவது நட்டைத் தளர்த்தினேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்துக் கிடந்தது அதுதான். டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டேன். ஒன்றாவதில் இருந்ததை மூன்றில் போட்டேன். ஒன்று நன்றாக ஓடியது, மூன்று அப்போதும் செத்தே கிடந்தது. அப்படியானால் கோளாறு நாசிலில் இல்லை, அது உட்காரும் குழியில். டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கருகிப்போன ஒரு பழைய செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதுசு ஒன்றைப் போட்டுப் பூட்டியிருக்கிறாய். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு. நாசில் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் டீசல் எப்படிச் சரியாகத் தெளிக்கும்? பழசைத் தட்டி எடுத்து, நீ போட்டதையும் எடுத்து, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, வேறு வாஷர் ஒன்றை மட்டும் வைத்துப் பூட்டினேன். வண்டி பூனை மாதிரி உறுமியது. டம்ளரை வைத்தேன். நின்றது.

வாஷரை மறப்பது யாருக்கும் வரும். மறந்தவன் கையைப் பிடிக்கமாட்டான். மறந்தவன் "வேற எடம் பாரு" என்று சொல்லமாட்டான். ஆபீசரிடம் டம்ளரை நீட்டமாட்டான். கம்பெனி ஆபீசர் வண்டி பார்க்க வரப்போவது உனக்கு முன்னாலேயே தெரியும் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நெற்றியில் தட்டிக்கொண்டு, "அடப்பாவி, மறந்துட்டேன் மச்சான்" என்று சிரித்துவிடுவாய், ஸ்டாண்டும் உன்னோடு சிரிக்கும். நீயாக, உன் வாயால் சொல்லவேண்டும் என்று இருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஆடியில் நைனா போனார். நான் ஒரு குடும்பத்தோடு வேளாங்கண்ணியில் இருந்தேன். திரும்பி வந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் நீ. "உன் எடத்துல நின்னு செஞ்சேன் மச்சான்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். என் சட்டைப் பையில் அந்த இரண்டு வாஷரும் இருந்தன. உன் நெஞ்சு அவற்றின்மேல் அழுந்தியது.

இருபத்தைந்து வருஷம் காத்திருந்தேன். ஊரில் கம்பெனிகள் வரிசையாக வந்தன. வயல் எல்லாம் காம்பவுண்டு ஆனது. உன் கம்பெனி சவாரியும் முடிந்து, அந்தப் பழைய வண்டியைக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போக மட்டும் வைத்திருந்தாய். இன்ஜின் பக்கத்திலேயே வாழ்ந்து உனக்குக் காது மந்தமாகிவிட்டது. எனக்கோ நான் தேடி அலைந்த அந்த உதறலால், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் என்று பேர் வந்துவிட்டது. ஒருநாள் நீ வந்தாய். உன் வண்டி என் வாசலில் உதறிக்கொண்டு நின்றது.

"நின்னா ஆடுது மச்சான். எனுக்குக் காது சரியில்ல. நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். செத்துக் கிடந்தது எது தெரியுமா? கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன். நிமிர்ந்து, உன் நல்ல காதுப் பக்கமாக வந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"மூணாவது நல்லாத்தான் கீது. அத்த நோண்டாத. வேற எடம் பாரு."

உன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

போன வருஷம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். என் கையில் அரிசியோடு இரண்டு வாஷரும் இருந்தன. உன் வாயில் போட்டு அனுப்பிவிடவேண்டும் என்றுதான் வந்தேன். சொல்லாத வாய்க்கு அதுதான் சரியான அரிசி. உன் மனைவி கஸ்தூரி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரிசியை மட்டும் விட்டேன்.

காரியம் முடிந்த பிறகு அவள் ஆள் அனுப்பினாள். வண்டியை விற்கவேண்டும், ஒரு தரம் பார்த்துக் கொடுங்கள் என்று. ஸ்டார்ட் செய்தேன். அதே உதறல். எட்டு வருஷமாக நீ அதைச் சரிசெய்யவே இல்லை. எனக்குப் புரியவில்லை. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுமே கோளாறு எங்கே என்று உனக்குத் தெரிந்திருக்கும். அரைமணி நேர வேலை.

"அத்த யாரையும் தொட வுட மாட்டாருண்ணே" என்றாள் கஸ்தூரி. "மூணாவது நல்லா கீதுன்னு ஏழுமல சொல்லிக்கீறான், அவனே வந்து பிரிக்கட்டும்னுவாரு. நீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துகினு இருப்பாரு. கிருத்திகைக்குப் போறப்ப எல்லாம் எனுக்கு இடுப்பு ஒடஞ்சி போவும். இன்னா சொல்லியும் கேக்கல."

நான் பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு வாஷர், தேய்ந்து கருகியிருந்தது. புதுசு போட்டுப் பூட்டினேன். கஸ்தூரி கொண்டுவந்த தண்ணீர் டம்ளரை வாங்கிப் பானட்டின்மேல் வைத்தேன். நின்றது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீ சொல்லத்தான் காத்திருந்தாயா? நான் ஒரு ஸ்பானரோடு உன் வாசலுக்கு வந்திருந்தால் அந்த வார்த்தை எனக்குக் கிடைத்திருக்குமா? இதைக் கேட்க வைத்துவிட்டுப் போனாயே, அதற்காகவும் உன்மேல் கோபம்தான். பழி வாங்கினேன் என்று இரண்டு தட்டு சாப்பிட்டவனைக் கடைசியில் உன் வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைத்தாய். மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். வாஷர்கள் இரண்டும் என் சாவிக்கொத்தில் தொங்குகின்றன.

இன்று காலை அந்த லாரிக்காரனிடம் எழுந்து போனேன். சின்னப் பையன், தெற்கத்திப் பேச்சு. ஒரு மாதமாக இப்படித்தான் ஆடுகிறது, எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன் என்றான்.

"தம்பி, எந்த சிலிண்டரு நல்லா கீதுன்னு உன்கிட்ட எவனாவது சொன்னானா?"

"ஆமா அண்ணே, மெக்கானிக் சொன்னாரு."

"அத்த மொதல்ல பிரி."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். உன் பேர் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.