நான் நீக்கிய வெள்ளம்

கார்த்திகை 9, செவ்வாய்.

இன்று திருமழிசையில் செல்வம் என்பவரின் லேத் பட்டறைக்கு வெள்ள நஷ்டத்தைப் பார்க்கப் போனேன். போன வாரம் மார்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. மிஷின் எல்லாவற்றிலும் சேறு. அவர் எடுத்திருந்த காப்பீடு பாதிக்குக்கூடக் காணாது.

அந்த வட்டாரப் பட்டறைகளுக்கு அவ்வளவு காப்பீடு போதும் என்று சொன்னது என் கணக்கு. மிகப் பெரிய நஷ்டம் எதுவரை போகும் என்று கணிப்பதுதான் காப்பீட்டுக் கம்பெனியில் என் வேலை. பழைய நஷ்டப் பட்டியலின் உச்சியில் இருக்கும் சில நஷ்டங்கள்தான் அதற்கு ஆதாரம். அவற்றில் ஒரு பழைய வெள்ளம் மட்டும், மற்றவற்றை வைத்து நான் வரைந்த வளைகோட்டுக்குள் வரவில்லை. பதிவுப் பிழை என்று எழுதி நீக்கிவிட்டேன். பிழையில்லை என்று எனக்குத் தெரியும். அன்று மாலைக்குள் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது.

செல்வம் திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “உக்காரும்மா. இவ்ளோ தண்ணி வரும்னு யாரு கண்டா? உங்க கம்பெனில படிச்சவங்க கணக்கு போட்டாங்களாமே, அவங்களுக்கே தெரில.”

“அண்ணா, அந்தக் கணக்கு...” என்றேன்.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்லண்ணா.”

ஆவடியில் வீட்டுக்கு வந்ததும் அந்த வெள்ளத்தைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். காப்பீட்டு வரம்பு இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அவர் மிஷின் அத்தனையும் அதற்குள் அடங்கியிருக்கும்.

நான் செய்ததை மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். செல்வத்துக்கும் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். கேட்டுவிட்டு, பரவாயில்லம்மா என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வைத்துவிட்டேன்.