மூடியில் ஒரு ஓட்டை

மே 24, சனி

மணிபாரதியின் படகு எஞ்சினில், டீசல் டேங்க் மூடிக்கு மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போடுவதா, நான்கா என்ற பிரச்சினை என் பாகூர்ப் பட்டறையில் காலை முழுவதும் ஆராயப்பட்டது. ஆராய்ந்தவன் நான் ஒருவன்தான். பதினொன்று இருபதுக்கு நான்கு என்று முடிவாயிற்று. எதிர்த்து ஓட்டு விழவில்லை.

பழைய மூடி கடலில் விழுந்துவிட்டது. அதன் விளிம்புக்கு அடியில் காற்று வழி இருந்தது. புது மூடி இறுகிக்கொள்கிறது. காற்று உள்ளே போகாததால் ஒரு மணி நேரத்தில் டீசல் இறங்காமல் எஞ்சின் நின்றுவிடுகிறது. கீழ்நோக்கி வளைந்த குழாய் ஒன்றை மூடியில் வைக்கச் சொல்கிறது கையேடு. கையேடு எழுதியவர் மீனவர் குப்பத்துக்கு வந்ததில்லை. ஓட்டை போதும்.

மே 28, புதன்

முகத்துவாரத்தில் எஞ்சின் நின்று, அலை படகைப் புரட்டியிருக்கிறது. மணிபாரதிக்குத் தலையில் மூன்று தையல்.

எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றி, கைப்பம்பில் அடித்துப் பார்த்தேன். டீசலைப் பனியாகத் தெளிக்க வேண்டியது, சளி பிடித்த மூக்காக ஒழுகுகிறது. முனையில் துரு. ஃபில்டரில் இருந்ததைப் பாட்டிலில் பிடித்து வைத்தேன். பத்து நிமிடத்தில் மேலே டீசல், அடியில் இரண்டு விரல் உயரம் கலங்கல் தண்ணீர்.

"எங்க புடிச்ச டீசலு?"

"காசம்மா அக்காகிட்டதாண்ணே. குப்பத்துல வேற யாரு டிரம்மு வச்சி விக்கிறா?"

பாலில் தண்ணீர் ஊற்றுபவனை மன்னிக்கலாம்; பால் குடித்துவிட்டு எவனும் நடுக்கடலில் நின்றுபோவதில்லை. டீசலில்! அதுவும் புருஷனைக் கடலில் பறிகொடுத்த பொம்பள!

மே 29

காசம்மாள் பட்டறைக்கே வந்தாள்.

"இன்னா தம்பி, நான் தண்ணி கலக்கறேன்னு சொன்னியாமே? வூட்டாண்ட வா. டிரம்ம கவுத்துக் காட்டறேன், பாரு."

"பாட்டிலே பேசுதுக்கா. டிரம்ம வேற இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"பாட்டிலு பேசும். டிரம்மு மட்டும் ஊமையா?"

போகவில்லை. வேலை கிடந்தது.

ஜூன் 1, ஞாயிறு

ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி சொன்னேன். பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, துரு வரும் விதத்தை விளக்கினேன். இரண்டு பழமொழி, ஒரு உவமை. காசம்மாளிடம் இனி யாரும் டீசல் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அறிவியல் குப்பத்தை எட்டிய நாள்.

ஜூன் 12

புது நாசில் அழகாகத் தெளிக்கிறது. பாகூர் பங்க்கிலிருந்து கேனில் டீசல் சுமக்கிறார்கள். நேர்மை கொஞ்சம் கனம்தான்.

ஜூன் 27, வெள்ளி

மணிபாரதியின் எஞ்சின் மறுபடி நின்றுவிட்டது. மறுபடி பாட்டில், மறுபடி இரண்டு விரல் தண்ணீர். ஆனால் இது பங்க் டீசல்!

பங்க்காரனையும் பஞ்சாயத்துக்கு இழுப்பதென்று பாட்டிலும் கையுமாகக் கிளம்பினேன். டீக்கடை நாகராஜன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மேலே இருந்த டீசலை வடித்துவிட்டு, அடித்தண்ணீரைத் தன் உள்ளங்கையில் ஊற்றச் சொன்னார். மோந்து பார்த்தார். சுண்ணாம்பு விரலால் தேய்த்தார். சிவந்தது.

"இன்னாபா இது, டேங்குக்கு ஆரத்தி சுத்திக்கீறாங்க? மஞ்சத் தண்ணிபா!"

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே குப்பம். மணிபாரதியின் மனைவி கனகாம்பாள் ஒளிக்கவில்லை. "அமாவாசைக்கு அமாவாசை மஞ்சத் தண்ணி ஊத்தி, எஞ்சினுக்குப் பொட்டு வைப்போம். முந்தாநேத்துகூட ஊத்தினனே."

கத்தினேன். எஞ்சின் என்ன அம்மன் சிலையா என்றேன். எழுதக் கூடாததும் சொன்னேன். முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருசமா அது தல மேலயே ஊத்தறேன். ஒரு நாளு இருமினது இல்ல. அப்பல்லாம் மூடில ஓட்ட இல்ல. அது யாரு போட்டது?"

மே 24. பதினொன்று இருபது. இந்த நோட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

பஞ்சாயத்தில் போய் நின்றேன். ஓட்டை என்னுடையது, காசம்மாள் மேல் குற்றமில்லை என்றேன்.

தலைவர் சிரித்தார். "ஊரு கூடிச் சொன்னதுபா. நீ பாட்டிலக் காட்டினா ஒண்ணு, ஓட்டயக் காட்டினா ஒண்ணுன்னு மாத்தினா ஊருக்கு இன்னா மருவாதி? ஆடித் திருவிழா போவட்டும், பாக்கலாம்." கூடவே இரண்டு பழமொழி சொன்னார். இரண்டும் நான் அன்று சொன்னவை.

மானங்கெட்ட பஞ்சாயத்து. இல்லை — அவங்கள ஏன் திட்டற? டிரம்ம வந்து பாருன்னு அந்தப் பொம்பள உன் வாசல்ல வந்து கூப்பிட்டாளேடா. அரை மணி நேர வேலைடா, நாயே. பழமொழி தேட நேரம் இருந்துச்சுல்ல?

ஜூலை 25, வெள்ளி

வளைந்த குழாய் வைத்த மூடியைப் போன வாரம் பூட்டினேன். நேற்று ஆடி அமாவாசை. கனகாம்பாள் ஒரு குடம் ஊற்றினாள். இன்று ஃபில்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

காசம்மாள் அக்கா வீட்டுப் பக்கம் போனேன். பூட்டியிருந்தது. டிரம் வாசலில் சாய்ந்து கிடந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். துரு இல்லை.

மூலக்குளத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கு நிற்கிறார் என்றார்கள் பக்கத்து வீட்டில். இரண்டு பஸ் மாறிப் போகிறார்.