எலியைத் தொடாத பூனை

என் செல்லப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். கடிதம் அப்பா கையெழுத்தில் வராமல் அச்சில் வந்திருக்கிறதே என்று யோசிப்பாய், காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லியே வாரத்தை ஓட்டுகிறார். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், அந்தக் குழந்தை தடதடவென்று ஓடும் சத்தம் இல்லாமல் அம்மாவுக்கு மதியம் தூக்கம் வரவில்லையாம், ஓடிய காலத்தில் அந்தச் சத்தத்தால்தான் தூக்கம் போச்சு என்று திட்டினாள். அவள் முழங்கால் வலி பரவாயில்லை. இனி நான் சொல்லப்போவதை முழுதாகப் படித்துவிட்டுப் போன் பண்ணு, பாதியில் பண்ணாதே.

போன மழைக்காலத்தில் உன்னிடம் கீபோர்டு ஷார்ட்கட் எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னேன் இல்லையா, நீ கூட இந்த வயசுல எதுக்குப்பா இவ்வளவு ஆர்வம், ஆபீசுல யார்கூட போட்டி என்று சிரித்தாய், நானும் சிரித்து வைத்தேன். ஆர்வம் இல்லை பாப்பா, பயம். மௌஸின் மேல் வலது கையைச் சும்மா வைத்தால் போதும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவதுபோலத் தானாக உருட்ட ஆரம்பித்துவிடும். திரையில் அம்புக்குறி குடிகாரன் மாதிரித் தள்ளாடும். ஒருநாள் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு விற்பனை ஒப்பந்தத்தில் விற்பவர் பத்தியை இழுத்து வாங்குபவர் பத்திக்கு நடுவில் போட்டுவிட்டது இந்தக் கை. வக்கீல் மேசைக்குப் போவதற்குள் நல்லவேளையாகப் பார்த்துத் திருத்தினேன். நீ அனுப்பியதை அன்று முதல் ஒவ்வொன்றாகப் பழகினேன். இடது சுண்டுவிரலால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டால் நகலெடுக்கும் சி, ஒட்டும் வி, வெட்டும் எக்ஸ், செய்த தப்பைத் திரும்ப வாங்கும் இசட், சேமிக்கும் எஸ் எல்லாம் அதே கைக்கு எட்டும். கூட ஷிஃப்டையும் அழுத்தி அம்புக்குறி விசையைத் தட்டினால் சொல் சொல்லாகப் பிடித்துக்கொண்டு போகலாம், கண்ட்ரோலும் ஹோமும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய பத்திரமானாலும் முதல் பக்கம். எழுத்தைத் தட்டும்போது வலது கை ஆடாது, சும்மா இருந்தால்தான் ஆடும், அதனால் சும்மா இருக்கும்போதெல்லாம் அதைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். மௌஸைத் தூக்கி மேசை ஓரத்தில் வைத்தேன். ஆபீசில் என்னை எலியைத் தொடாத பூனை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், எனக்கு மட்டும் உன் பெரியப்பா கடைசிக் காலத்தில் கை நடுங்கி, கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிய காட்சி கண்ணில் வரும்.

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது புதிதாக வந்த மேனேஜர் அம்மா யார் எவ்வளவு வேகம் என்று கணக்கெடுத்தார், உன் அப்பாதான் முதல். என் மேசைக்கே வந்து, சார், நீங்க மௌஸே தொடறதில்லையாமே, வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை ஆயிற்று. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், சரி என்று தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் சுவரில் திரை விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். விசைப்பலகையில் விரல் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. நடுவில் மேனேஜர் அம்மா, எந்த இடம்னு காட்டுங்க சார் என்று ஒரு லேசர் விளக்கை என் வலது கையில் கொடுத்துவிட்டார். அழுத்தினேன். அந்தச் சிவப்புப் புள்ளி சுவர் முழுக்கக் கொசு மாதிரி ஆடியது பாப்பா. என் கை ஆடுவதை அவ்வளவு பெரிதாக நானே அதுவரை பார்த்ததில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பதட்டப்படாதீங்க சார், நம்ம ஆளுங்கதானே என்றார் மேனேஜர் அம்மா. ஆமாம் மேடம், மேடைப் பயம் என்று விளக்கை இடது கைக்கு மாற்றி எப்படியோ முடித்தேன்.

அறை காலியான பிறகு பக்கத்து மேசையில் பிழை திருத்துகிற பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணா, எத்தனை மாசமா இருக்கு என்றாள். ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன். எங்க மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, நீங்க நடக்கறப்போ வலது கை வீசறதே இல்ல, நான் பாத்துட்டேதான் இருக்கேன், அண்ணிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டாள். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். உங்க அண்ணனுக்கு வந்ததேதானா இதுவும் என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். கையை ஒளிச்சீங்க, சரி, பயந்ததைக்கூடவா எங்கிட்ட ஒளிப்பீங்க என்றாள். மறுநாள் நான் குளித்து வருவதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

டாக்டர் விரல்களைச் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார், தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார், ஒரு வரி எழுதச் சொன்னார். வரி முடிவதற்குள் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் உனக்கு அச்சில் எழுதுகிறேன், நீ பூதக்கண்ணாடி தேட வேண்டாம் பார். பார்க்கின்சன்தான், ஆரம்பம் என்றார். உங்க அண்ணன் மாதிரியே ஆகும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, மாத்திரை இருக்கு, தினமும் நடங்க, ரொம்ப நாள் வேலை பாக்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னது காதில் விழுந்தது, நெஞ்சில் இன்னும் இறங்கவில்லை. திங்கட்கிழமை மேனேஜர் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நடக்கிற வரைக்கும் நடக்கட்டும் சார் என்றார். அந்த வார்த்தையை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ இதைப் படித்ததும் டிக்கெட் போடக் கிளம்பாதே. அங்கே உன் வேலை இப்போதுதான் நிலைக்கு வந்திருக்கிறது, லீவு கிடைக்கிற காலத்தில் மாப்பிள்ளையோடு நிதானமாக வா. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அம்மாவோடு பேசும்போது அழாதே, நீ அழுதால் அவள் அழ மாட்டாள், என்னைத் திட்டுவாள்.

அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அவளிடம் அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. இந்த நோயில் போகப்போக முகத் தசை இறுகி, மனசில் சிரிப்பு இருந்தாலும் முகத்தில் வராதாம். கை ஆடுவதைவிட எனக்கு இதுதான் பயம். நேற்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன், வருகிறது, ஆனால் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன், மறக்காதே. வீடியோவில் நீ பேசும்போது என் முகம் சும்மா இருந்தால் அப்பாவுக்குக் கோபம் என்றோ உன் பேச்சு பிடிக்கவில்லை என்றோ நினைத்துவிடாதே. நீ பேசுவதை நிறுத்தாதே. உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் அன்பு
அப்பா