உங்கப்பா யாருக்காக மாத்திரையை நிறுத்தினாரு

அன்புள்ள ஷெல்பிக்கு,

அம்மா எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம், அதுக்கு மேல நல்லா இருக்கோம்னு எழுத இன்னிக்குக் கை வரலை. அந்தக் கடற்கரையில வெயிலும் காத்துமா நீ சுகமாத்தான் இருப்பே, இருக்கணும். போன்ல பேசாம ஏன் காகிதத்துல எழுதுறேன்னு யோசிப்பே. போன்ல நான் குரலை உசத்தினா நீ உடனே, அம்மா, முதல்ல ஒரு மூச்சை ஆழமா இழுத்து விடு, அப்புறம் பேசுங்கிறே. நான் போனை வச்சிடுறேன். காகிதம் என்னை மூச்சு விடச் சொல்லாது. நீயும் நடுவுல குறுக்கிட முடியாது. கடைசி வரைக்கும் படி.

தீயணைப்பு நிலையத்துல வருஷா வருஷம் போடுற பான்கேக் விருந்து உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவையும் உங்கப்பாதான் அடுப்புல நின்னாரு. மரலாரி ஓட்டுறதை விட்டதுலேர்ந்து அந்த ஒரு நாளுக்குத்தான் அவரு சட்டையை இஸ்திரி போடச் சொல்லுவாரு. நான் பக்கத்துல காபி ஊத்திக்கிட்டிருந்தேன். கரண்டி கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் பாத்தாரு, கை அதைப் பிடிக்கலை. பக்கத்து வீட்டு மார்லிஸ் தட்டை நீட்டிக்கிட்டு, என்ன டுவைன், காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியான்னு கேட்டா. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னாரு, சொன்னது வார்த்தையாவே இல்லை, வாயில மாவை வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சு. அதுக்கும் சிரிச்சாங்க. நான்தான் அவரு முகத்தைப் பாத்தேன். ஒரு பக்கம் சிரிச்சுது, இன்னொரு பக்கம் தொங்கிப்போச்சு. ஆம்புலன்ஸ் பசங்க அங்கேயே சாப்பிட்டுக்கிட்டிருந்ததால பிழைச்சாரு. விரல்ல சர்க்கரைப் பாகு ஒட்டின கையோட ஓடி வந்து தூக்கினாங்க. அது வீட்டுல நடந்திருந்தா, நான் தோட்டத்துல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் நினைக்கிறதில்லை. நீ நினை.

பக்கவாதம்னு மட்டும்தான் உனக்கு அன்னிக்குச் சொன்னேன். ஏன் வந்துச்சுன்னு அப்போ எனக்கே தெரியாது. மூளைக்கு ரத்தக்கட்டி போயிருக்கு, இவரு இதயம் தாளம் தப்பித் துடிக்குதுன்னுதானே ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுத்திருக்கேன், சாப்பிடுறாரா இல்லையான்னு டாக்டர் லின்ட்குவிஸ்ட் கேட்டாங்க. சாப்பிடாம எப்படின்னு அவங்க மேல சீறினேன். அவங்க நேரா அவரு கட்டில்கிட்ட போயி, டுவைன், மாத்திரையை நிறுத்தினீங்களா, யாராவது நிறுத்தச் சொன்னாங்களான்னு மெதுவாக் கேட்டாங்க. ஷெல்பி, அது வரைக்கும் அவரு வாயிலேர்ந்து ஒரு சொல் தெளிவா வரலை. தண்ணிங்கிறதுக்குக்கூட விரலைத்தான் காட்டுவாரு. அப்படிப்பட்ட மனுஷன் கஷ்டப்பட்டு, கண்ணுல தண்ணி வர வர, நானே, நானேதான்னு சொன்னாரு. பேச்சு திரும்பி வந்து அவரு பேசின முதல் வார்த்தையே பொய். அதுவும் உனக்காக.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, மார்லிஸோட வீட்டுக்காரர் கஸ் அன்னிக்கு ஆஸ்பத்திரி நடையில தொப்பியைக் கழட்டிக் கையில உருட்டிக்கிட்டே நின்னாரு. என்னடா இந்த ஆளு போகவும் மாட்டேங்குறாரு, பேசவும் மாட்டேங்குறாருன்னு பாத்தேன். அப்புறம் மெல்ல ஆரம்பிச்சாரு. வெர்னா, மீன் பிடிக்கப் போனப்ப டுவைன் என்கிட்ட சொன்னான். அந்த மாத்திரைங்க வேணுமான்னு உங்க உடம்புகிட்டேயே கேட்டுப் பாருங்கன்னு பொண்ணு சொன்னாளாம். என்னடா கிறுக்குத்தனம் இது, டாக்டரைக் கேளுன்னு நான் திட்டினேன். அதுக்கு அவன், கஸ், இத்தனை வருஷமா என்கூடப் பேசாத பொண்ணு இப்பத்தான் என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கா, முடியாதுன்னு எப்படிச் சொல்றதுங்கிறான். வெர்னா, இதை உன்கிட்ட அன்னிக்கே சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோன்னு அந்த மனுஷன் அழுதாரு. நான் கஸ்ஸைத் திட்டலை. திட்டுறதுக்கு எனக்கு வேற ஆளு இருந்துச்சு.

நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே அம்மா, கேட்டுப் பாருங்கன்னுதானே சொன்னேன்னு நீ சொல்லுவே. எனக்குத் தெரியும். நீ அவருகிட்ட அதைச் சொன்ன அன்னிக்கு நான் அடுப்படியில பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன், உன் குரல் அந்த மடிக்கணினியிலேர்ந்து தேனா ஒழுகுச்சு. மாத்திரை உடம்போட குரலை அமுக்கிடுதுப்பா, உங்களைக் குணமாக்கிக்க உங்க உடம்புக்கே தெரியும்னியே, அதுக்கு என்னடி அர்த்தம்? அதைக் கேட்டு அவரு நிறுத்திடுவாருன்னு அப்ப எனக்கு உறைக்கலை. தியானம், மூச்சுப் பயிற்சின்னு உன்கிட்ட வர்ற பணக்காரங்க அதைக் கேட்டுத் தலையாட்டிட்டு, ஊருக்குப் போயி தங்களோட டாக்டரையும் பாத்துக்குவாங்க. உங்கப்பாவுக்கு உன் வாயிலேர்ந்து வர்றதெல்லாம் கட்டளை. உன் சித்தி மக கல்யாண விருந்துல, உன் வேலை ஊரை ஏமாத்துற வேலைன்னு அவரு குடிச்சுட்டுக் கத்தினாரு. அதுக்கப்புறம் நீ பேசலை. அவரு பண்ணது தப்புதான், நான் அப்பவே சொன்னேன். ஆனா அதை எப்படிச் சரி பண்றதுன்னு தெரியாம அவரு எத்தனை வருஷம் தவிச்சாருன்னு நீ பாக்கலை. இதயக் கோளாறுன்னு கேள்விப்பட்டு நீயா கூப்பிட்டப்ப, அவரு அந்தப் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுப் பேசினாரு.

நான் நியாயம் தெரியாதவ இல்லை. நீ சொல்லிக் குடுத்ததுல அவருக்கு நல்லதும் நடந்துச்சு. காலையில கண்ணை மூடி உக்காந்து மூச்சைக் கவனிக்க ஆரம்பிச்சாரு, சோடாவை விட்டாரு, ஆத்தோரமா நடந்தாரு. செய்தி பாத்துட்டு டிவியைத் திட்டுற மனுஷன் அதை அணைச்சுட்டு என்கூட வந்து பட்டாணி உரிச்சாரு. ராத்திரி கத்தி எழுந்திரிக்கிறது நின்னுபோச்சு. எந்த டாக்டரும் அவருகிட்ட, உங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டதில்லை, நீ கேட்டே. அதுக்கு உன்னைக் கும்பிடவே தோணுச்சு. அதனாலதான் இப்ப இவ்வளவு கொதிக்குது. நல்லதைச் செஞ்சுக்கிட்டு இருந்தவ எதுக்குடி அவரு உயிரைத் தாங்கிக்கிட்டிருந்த ஒண்ணுல கை வச்சே? மனசும் உடம்பும் ஒண்ணுன்னு நீதானே சொல்றே. அப்போ அவரு இதயமும் அந்த உடம்புல சேந்ததுதானே, அதுக்கு வேண்டிய மாத்திரை மட்டும் எப்படி வெளியாளா ஆச்சு? டாக்டர் லின்ட்குவிஸ்ட்கிட்ட, இந்த மூச்சு, தியானமெல்லாம் குப்பைன்னு சொல்லிடுங்க, நான் அவருகிட்டேயிருந்து பிடுங்கிப் போட்டுடுறேன்னு கேட்டேன். அவங்க சிரிக்கலை. ஐயோ, அதை ஏன் நிறுத்துறீங்க, இப்பத்தான் அது அவருக்கு அதிகமா வேணும், கை வரலைன்னு சோர்ந்து போறவங்க சீக்கிரம் தேறமாட்டாங்கன்னு சொன்னாங்க. மாத்திரையும் சாப்பிடட்டும், மூச்சையும் விடட்டும், யாரு குறுக்க நிக்கிறாங்கன்னு கேட்டாங்க. நான் உன் பேரைச் சொல்லலை.

எல்லாத்தையும் விட என்னால தாங்க முடியாதது, ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னைக் கூப்பிட்டப்ப நீ சொன்னது. அம்மா, நோயை ஒரு சேதின்னு பாரு, அப்பா உள்ளுக்குள்ள எதையோ அடக்கி வச்சிருக்காருன்னியே. அடக்கித்தான் வச்சிருக்காரு. உன்னைக் காட்டிக் குடுக்கிற ஒரு வார்த்தையை இன்னி வரைக்கும் அடக்கி வச்சிருக்காரு. கஸ் சொல்லி எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லியும், அவளுக்கு இதை எழுதாதே வெர்னான்னு கோணின வாயால கெஞ்சுறாரு. எழுதிட்டேன். வீட்டுல இனிமே ஒருத்தருக்கொருத்தர் மறைக்கிறது போதும்.

இப்ப கம்பைப் பிடிச்சு வாசல் வரைக்கும் நடக்குறாரு. இடது கை பொத்தான் போடமாட்டேங்குது, போட விடவும் மாட்டேங்குறாரு, நான் தொட்டா தள்ளிவிடுறாரு. பேச்சு தேறிடுச்சு, களைச்சுப்போனா மட்டும் குழறும். மாத்திரையை என் கண்ணு முன்னாடி முழுங்குறாரு, நானும் வாயைத் திறந்து காட்டச் சொல்றேன், சின்னப் பிள்ளைகிட்ட கேக்குற மாதிரி. காலையில கண்ணை மூடி உக்காருறதையும் விடலை, நானும் பக்கத்துல உக்காருறேன். எனக்கு மனசு மூச்சுல எங்க நிக்குது, உன் மேல உள்ள கோபத்துலதான் நிக்குது.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை நீ கணினியில வர்ற நேரமானா அவரு அந்த நல்ல கையால மாத்திரை டப்பாவை மேஜையிலேர்ந்து எடுத்து, மடியில போர்வைக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு உன்கூடச் சிரிச்சுப் பேசுறாரு. நீ பாத்தா உன் மனசு நோகுமாம். இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அழுறதா இருந்தா கூப்பிடுறதுக்கு முன்னாடியே அழுது முடிச்சுட்டு வா. வந்ததும், அப்பா, போர்வைக்கு அடியில இருக்கிறதை எடுத்து மேஜை மேல வைங்க, நான் பாக்க ஒண்ணை முழுங்குங்கன்னு சொல்லு. நான் சொன்னா அது டாக்டரோட மாத்திரை, நீ சொன்னாத்தான் அது அவருக்கு மருந்து.

கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போ, வரும்போது உன்கிட்ட நிறைய கத்தணும், அதுக்கப்புறம் உனக்குப் பிடிச்ச, பீச் பழம் வச்ச பை பலகாரம் செஞ்சு தர்றேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா,
வெர்னா