தவளைவாயன் இருக்கும் கிளை

பெப்ரவரி 20, வெள்ளி

விடியும்போதே மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டில். போனில் சார்ஜ் குறைவு.

நேற்றுப் போட்ட படத்துக்கு இருநூறு லைக்!!! எல்லாரும் யால, வில்பத்து, கென்யா என்று சரணாலயப் படங்களாகப் போடும் பறவைக் குரூப். நான் போட்டது எங்கள் ரப்பர் மலைக்கு மேலே, காட்டோரத்துத் தவளைவாயன். அசையாமல் உட்கார்ந்தால் காய்ந்த இலைதான், பறவை என்றே தெரியாது. அடியில் ஒரே ஒரு முட்டை.

அம்மாவிடம் காட்டினேன்.

"ஏண்டி, காஞ்ச எலயவா படம் புடிச்ச?"

"பறவம்மா! இந்தா கண்ணு, இந்தா வாயி."

"என்னமோ போ. வெறகு நனையுது பாரு."

நெலூகா அக்கா மட்டும் வொய்ஸ் போட்டார். ஊர் குருவிட்ட, சிங்களம்; என்னை நங்கி, தங்கச்சி, என்பார். குரூப்பில் என்னோடு பேசும் ஒரே ஆள். முகம் பார்த்ததில்லை.

"நங்கி, எங்க இருக்கு சொல்லு. ஞாயித்துக்கெழம தனியா வாறேன். ஒன்னயும் பாக்கணும் நே."

என்னையும்! திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பெப்ரவரி 21, சனி

வானம் மப்பு.

கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. குரூப் ரூல். போன மாதம் ஒருத்தர் ஆந்தைக் கூட்டை ஒரே ஒரு சிநேகிதருக்குச் சொன்னார். வேன் வேனாக ஆள். ஸ்பீக்கரில் ஆந்தைச் சத்தம், முகத்துக்கு நேரே ஃப்ளாஷ். ஆந்தை முட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அக்கா அப்படி இல்லை. யாருக்காவது சொல்லிவிட்டால்?

'வேணாம்கா' என்று டைப் பண்ணினேன். அழித்தேன். அப்புறம் ஏன் வரப்போகிறார்?

'கோயிலுக்குக் கீழ, ஆத்தோர மூங்கில்ல' என்று அனுப்பினேன். பொய். அந்த மூங்கில் எதிர்ப்பக்க மலையடியில்.

பதிலுக்கு ஹார்ட், ஹார்ட், ஹார்ட்.

பெப்ரவரி 22, ஞாயிறு

நல்ல வெயில். தலை குளித்து, பச்சைச் சட்டை. மூங்கிலடியில் நின்று 'பறந்துருச்சுக்கா' என்று சொல்லிவிட்டால் போதும். பிறகு எவ்வளவோ பேசலாம்.

மேல் ரோட்டிலிருந்து பார்த்தேன். அக்கா தனியாகத்தான் வந்திருந்தார். குடை, கேமரா, கையில் கேக் பெட்டி. ஸ்பீக்கர் இல்லை. ஒரு கிளையைக்கூட ஒதுக்காமல் ஒவ்வொரு மூங்கிலாக அண்ணாந்து பார்த்தார்.

அக்காவிடமிருந்து போனில் கோல் வந்தது. எடுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிப் பொய் சொல்வது? கீழே இறங்காமல் ரோட்டிலேயே நின்றேன்.

கேக் பெட்டியோடு பஸ் ஏறினார்.

பொழுதுபட வொய்ஸ்: "நங்கி, சொகமில்லயா? பறவ கெடைக்கல, பரவால்ல. ஒன்ன பாக்காததுதான் கவல."

பெப்ரவரி 25, புதன்

மத்தியானம் மலைக்குப் போனேன். குஞ்சு!!! வெள்ளைப் பஞ்சு உருண்டை! கத்தவேண்டும் போல. வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் யாருமில்லை.

குரூப்பில் போடவில்லை. அக்காவுக்கு மட்டும் படம். கீழே: 'முட்ட பொரிஞ்சிருச்சுக்கா. மூங்கில்ல இல்ல, நான் பொய் சொன்னேன். அன்னைக்கு மேல் ரோட்டுலதான் நின்னேன்.'

பார்த்துவிட்டார். டைப் பண்ணுவது தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது. நின்றது.